திருத்தந்தையின் ஆசீருக்குக் கட்டணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டர் காலத்து ரோம் பயணத்துக்கு ஆள் சேர்ப்பவர்களில் சிலர், ‘திருத்தந்தையின் ஆசீர் நிகழ்ச்சிக்கு அனுமதி’ என்ற பெயரில் தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள். நான் சென்ற குழுவிலும் வாங்கினார்கள். அப்படியோர் அனுமதியே கிடையாது என்பதை, இனிப் போகவிருப்பவர்களின் பொருட்டு எழுதுகிறேன்.

ஈஸ்டர் காலையில் புனித பேதுரு வளாகத்தில் நடப்பவை இரண்டு. முதலில் நடக்கும் திருப்பலிக்குத்தான் சீட்டு. அதையும் திருத்தந்தையின் இல்ல நிர்வாகம் இலவசமாகவே தருகிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, வலப்புறத் தூண்வரிசையை ஒட்டிய வெண்கலக் கதவருகே சுவிஸ் காவலர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். அடுத்து, நண்பகலில் பெருங்கோவிலின் நடு மாடத்திலிருந்து வழங்கப்படும் ‘ஊருக்கும் உலகுக்கும்’ ஆசீருக்குச் சீட்டே இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா நண்பகலிலும் அப்படித்தான். சீட்டு வைத்திருப்பவரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று, பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கட்டணம் கட்டியவர்களுக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டியவை வேறு. காலையிலேயே போய்விட்டால் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும், நிழல் குறைவு என்பதையும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. நெதர்லாந்திலிருந்து வந்த மலர்கள் படிக்கட்டு நெடுக அடுக்கப்பட்டிருந்தன. நற்செய்தியை இலத்தீனில் பாடி முடித்ததும் கிரேக்கத்திலும் பாடினார்கள். பிறகு சுவிஸ் காவலர்களும் இத்தாலியப் படைவீரர்களும் வாத்திய இசையோடு அணிவகுத்து நிற்க, பேதுருவையும் பவுலையும் அழைத்துத் தொடங்கும் அந்த இலத்தீன் மன்றாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வளாகமே ‘ஆமென்’ என்றது. எங்கள் குழுவில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்ன இடத்தில் நின்று திருத்தந்தையை அருகில் பார்க்கலாம் என்று உறுதி தருவதும் சரியல்ல. 2025 ஏப்ரல் 20 அன்று, நோயுற்றிருந்த திருத்தந்தை பிரான்சிஸ் மாடத்தில் தோன்றி வாழ்த்தியபின், அவருடைய செய்தியை வேறொருவர்தான் வாசித்தார். ஆசீர் முடிந்து பிரான்சிஸ் வண்டியில் கூட்டத்தினிடையே வலம் வருவார் என்று அங்கு நின்றவர்களில் பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை அவர் மறைந்தார்.

நெடுநேரம் நிற்க இயலாத முதியவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகவும் தேவையில்லை. உரிய பக்தியோடு தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கும் இந்த ஆசீரோடு சேர்ந்த நிறைபேறுபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்று திருச்சபை 1985-இலேயே அறிவித்துவிட்டது.

வாங்கும் தொகை வழிகாட்டியின் ஊதியத்துக்கோ வாகனச் செலவுக்கோ என்றால், ரசீதில் அப்படியே எழுதித் தரும்படி பயண நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்