அண்ணாவுக்கு, கிளிக்கன்ஹாஸ் விஷயமாக

அண்ணா,

லேத் இரண்டும் போய்விட்டன என்று பெரியம்மா போனில் சொன்னார்கள். யாருக்கு, எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை. நம் சொந்தத்தில் பாதிப் பேர் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள், அதனால் அதை இத்தோடு விடுகிறேன். நேரில் பேசினால் கத்துவோம். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அந்த வசதிக்காகத்தான் கடிதம்.

பேச வந்தது கிளிக்கன்ஹாஸ் பற்றி, அமெரிக்காவின் அந்தச் சின்ன கார் ரேஸ் அணி பற்றி. ஆமாம், இன்னும் அதே பேச்சுதான்.

2022 ஜூலை 10, இத்தாலியின் மான்சாவில் ஆறு மணி நேரப் பந்தயம். நம் நேரத்துக்கு மூன்றரைக்குத் தொடங்கியது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேப்டாப்பை டிரில்லிங் மெஷின் மேசையில் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் உங்கள் கை சும்மா இருக்கவில்லை, ஏதோ புஷ்ஷுக்குப் பிசிர் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். பின்னிறக்கை இல்லாத பெஜோ 9எக்ஸ்8 முதன்முதலாக ரேஸுக்கு வந்தது அன்றைக்குத்தான். "வால வெட்டிட்டு வந்திருக்கான்" என்றீர்கள். ஓட்டுநர் ரோமன் துமா வாங்கித் தந்த போல் பொசிஷனிலிருந்து, அதாவது வரிசையின் முதலிடத்திலிருந்து, கிளிக்கன்ஹாஸின் 708-ஆம் எண் வண்டி கிளம்பியது. டொயோட்டாவுக்கு முன்னால் ஓடியது.

பிசிர் எடுப்பதை நிறுத்திவிட்டு நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். வால்யூமைக் கூட்டச் சொன்னீர்கள். வாய் என்ன சொன்னாலும் அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் என் கட்சிதான். சின்ன வயதில் உங்கள் டிவிஎஸ் பின்னால் உட்கார்ந்து ரேஸ் பார்க்கச் செட்டிபாளையம் போன நாட்களுக்கு அப்புறம் நாம் இருவரும் ஒரே வண்டிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் டர்போ போனது. கிளிக்கன்ஹாஸின் ரேஸ் அதோடு சரி. ஜெயித்தது பிரான்ஸின் அல்பைன் அணி.

நீங்கள் சிரித்தீர்கள். "சின்னவன் பெரியவங்க களத்துல எறங்குனா இப்படித்தான்" என்றீர்கள். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நான் அதற்கு ஒன்று சொன்னேன். அது என்ன என்று மற்றவர்களுக்குத் தேவையில்லை. மன்னித்துவிடுங்கள். ஆனால் "மாசச் சம்பளக்காரனுக்கு என்ன தெரியும்" என்று வேலைக்காரப் பையன்கள் முன்னால் முதலில் கேட்டது யார்? அதையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பணக்காரன் பொழுதுபோக்கு என்பீர்கள். ஜிம் கிளிக்கன்ஹாஸ் பணக்காரர்தான், அமெரிக்காவில் படம் எடுத்தவர், யார் இல்லை என்றது? ஆனால் அவருடைய 007 என்கிற ரேஸ் கார் எப்படி உருவானது என்று பாருங்கள். வண்டியைக் கட்டியது இத்தாலியின் ஆஸ்டா பள்ளத்தாக்கிலிருக்கும் போடியம் என்கிற நிறுவனம். 3.5 லிட்டர், இரட்டை டர்போ வி8 எஞ்சின், ராலி எஞ்சின்களுக்குப் பேர்போன பிரான்ஸின் பிப்போ மோட்டர்ஸ் செய்தது. ஹைப்ரிட் கிடையாது. பல பேரிடம் வேலை கொடுத்து, வாங்கி, ஒன்றாகக் கோர்த்த வண்டி. அத்தனையும் ஜாப் ஒர்க், அண்ணா. உங்களுக்குப் புரியாத வேலையா அது?

அந்த வண்டி 2021, 2022, 2023 என்று மூன்று லே மான், அதாவது பிரான்ஸில் வருடா வருடம் நடக்கும் 24 மணி நேர ரேஸ், ஓடியது, ஒவ்வொரு வருடமும் இரண்டு வண்டிகள். ஆறும் 24 மணி நேரத்தை முடித்தன. முதல் வருடம் நான்காவது, ஐந்தாவது. அடுத்த வருடம் மூன்றாவது, நான்காவது. கடைசி வருடம் ஆறாவது, ஏழாவது. மான்சாவில் போன டர்போவை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் நீங்கள் இந்த ஆறையும் ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னதுண்டா?

"மொத்தமே அஞ்சு வண்டி, அதுல மூணாவது வந்தா என்ன பெருமை" என்றீர்கள். 2022-இல் மேல் பிரிவில் ஐந்துதான், ஒப்புக்கொள்கிறேன். டொயோட்டா இரண்டு, அல்பைன் ஒன்று, கிளிக்கன்ஹாஸ் இரண்டு. அந்த அல்பைன்கூட பழைய ரெபெல்லியன் வண்டிதான், பெயரை மாற்றி ஓட்டினார்கள். ஆனால் 2023-இல்? நூற்றாண்டு ரேஸ், மேல் பிரிவில் 16 ஹைப்பர்கார்கள். ஃபெராரி வந்தது, போர்ஷே வந்தது, கேடிலாக் வந்தது. ஒரு போர்ஷே 963-கூட கிளிக்கன்ஹாஸுக்கு முன்னால் முடிக்கவில்லை. பெஜோவும் பின்னால்தான்.

வேகமான வண்டிகளுக்கு எடை கூட்டி, பவரைக் குறைத்து அமைப்பாளர்கள் சமன் செய்வதால் வந்த இடம், அது தர்மம் போட்டது மாதிரி என்று சொல்வீர்கள். 2023 லே மானுக்கு முன்னால் டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் ஏற்றினார்கள், வாஸ்தவம். ஆனால் அதே தராசில்தான் பெரிய கம்பெனிகளும் நிற்கின்றன. அந்த விதி இல்லாவிட்டால் அவற்றில் பாதி இன்றைக்கு அங்கே இருக்காது. மேலும், வேகத்தைத்தான் சமன் செய்யலாம். ராத்திரி மூன்று மணிக்கு உடையாமல் ஓடுவதை யாரும் தராசில் வைத்துத் தர முடியாது.

என் கணக்கு இதுதான். ஆடி 2016-இலும் போர்ஷே 2017-இலும் முடித்துக்கொண்டு போனபோது டொயோட்டா தன்னந்தனியாக நின்றது. 2018 முதல் 2020 வரை எல்எம்பி1 என்ற அப்போதைய மேல் பிரிவில் அதற்கு எதிரே வரிசையை நிரப்பியது ரெபெல்லியன், எஸ்எம்பி, பைகோலஸ் மாதிரி சின்ன அணிகள். அப்புறம் கிளிக்கன்ஹாஸ். 1995 லே மானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தது மெக்லாரன் எஃப்1 என்கிற கார், அதில் எல்லாம் சேர்த்தே 106 வண்டிதான் செய்தார்கள். இரண்டாவது வந்த குராஜ், லே மான் ஊரிலேயே இருந்த சின்ன நிறுவனம். "பெரியவங்க அந்த வருஷம் வரல" என்பீர்கள். அதையேதான் நானும் சொல்கிறேன்! வராத வருடங்களில் கடையைத் திறந்து வைத்திருந்தது யார்?

பெரியவர்கள் திரும்பி வந்ததும் என்ன நடந்தது? கிளிக்கன்ஹாஸ் பணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024-க்கு வரவில்லை. இத்தாலியின் இசோத்தா ஃபிராஸ்கினி ஒற்றை வண்டியோடு வந்து பாதி சீசனில் கிளம்பியது. 2025 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பின் மேல் பிரிவில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் இரண்டு வண்டி கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று விதி. தேவைப்படும்போது வா, தேவை முடிந்ததும் இரண்டாகக் கொண்டுவா. (ஆஸ்டன் மார்ட்டினைக் காட்டி அதுவும் சின்ன கம்பெனிதானே என்று வராதீர்கள், அது வேறு ஜாதி.)

இந்த மாதிரி நடத்தப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் சிரிப்பு எனக்கு அவ்வளவு எரிச்சல். உங்கள் பில்லைத் தொண்ணூறு நாள் இழுத்தவர்கள் என்ன பேசினார்களோ, அதையே நீங்கள் அன்றைக்கு உங்கள் வாயால் பேசினீர்கள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதால் அதற்கு மேல் இங்கே எழுத முடியாது. வாங்கும் பிரிவு என் கையில் இல்லை, அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே என்று நீங்கள் நினைப்பது தெரியும். சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். உலகச் சாம்பியன்ஷிப் சின்னவனுக்கு ஆகாது. கிளிக்கன்ஹாஸ் 2022-இலும் 2023-இலும் ஃபூஜிக்கும் பஹ்ரைனுக்கும் போகவே இல்லை. கப்பலில் வண்டி ஏற்றி ஊர் ஊராகச் சுற்றுவதும், எட்டு ரேஸ், பத்து ரேஸ் என்று புள்ளி சேர்ப்பதும் வேறு தொழில். அதில் கை வைத்தால் கையைச் சுடும். ஆனால் லே மான் வேறு. வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு ராத்திரி, ஒரு வண்டி. அந்த ஒரு கதவையாவது சின்னவனுக்குத் திறந்து வைக்கலாம். சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு வண்டி கேட்கட்டும், 24 மணி நேரத்துக்கு ஒன்று போதும் என்று சொல்ல என்ன கஷ்டம்? 1980-இல் ஜான் ரோந்தோ தன் பெயர் போட்ட வண்டியைத் தானே ஓட்டி, தன் ஊரிலேயே ஜெயித்தார். சின்னவனாலும் முடியும் என்பதற்கு அது போதாதா?

ஜூனில் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும். வீட்டுக்கு வருகிறேன், லேப்டாப் நான் கொண்டுவருகிறேன், அண்ணியிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். சிரிப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், பஸ் டிக்கெட்டை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி