செராயா விதையும் உன் அப்பாவின் சாவி வளையமும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பாபநாசத்தில் சாரல் பிடித்துக்கொண்டதையும், காரையார் போகும் வழியில் புது யானை லத்தியைப் பார்த்துவிட்டு நீயும் தம்பியும் திரும்பிவிட்டதையும் இரண்டு முறை படித்தேன். கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை வீட்டில் இருக்கவிடவில்லை. "சிங்கப்பூரில் நாம் ஓடித் திரிந்த புக்கிட் தீமா அடிவாரம் இப்போது எப்படி இருக்கிறது?" நினைவிலிருந்து பதில் எழுத மனம் வரவில்லை. போன சனிக்கிழமை நேரில் நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பேத்தியை அழைத்துக்கொண்டு பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினேன். ஏழு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தோம். உன் அகத்தியமலை 1,868 மீட்டர். இந்தக் குன்று வெறும் 163 மீட்டர். அங்கே இருப்பவர்கள் இதை மலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இதன் சரிவில் நிற்பது ஆதிக்காடு. மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடியும் பயிரிட இந்தத் தீவின் காடுகளை வெட்டித் தீர்த்த காலத்தில், 1883-இல் இந்தக் குன்றைக் காப்புக்காடாக ஒதுக்கினார்கள். அதனால் பிழைத்தது.

உச்சிக்குப் போகவில்லை. சரிவை ஒட்டி வடக்கே டெய்ரி ஃபார்ம் பக்கம் போகும் பாதையைப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் சாலை இரைச்சல் அடங்கி, சில்வண்டுச் சத்தம் காதை நிறைத்தது. பிரம்புக்கொடி முள் பேத்தியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவித்தபோதுதான் அவள் காலடியில் கிடந்ததைப் பார்த்தாள். செராயா மரத்தின் விதை.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். நிலக்கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிய கொட்டை. அதன் தலையில் மூன்று நீண்ட இறகுகள், இரண்டு குட்டை இறகுகள். காய்ந்த வாழைச்சருகின் நிறம். உற்றுப் பார்த்தால் நெடுக்கே நரம்புக்கோடுகள். தூக்கிப் போட்டால் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே இறங்குகிறது. நீ வீட்டில் புகை போடும் குங்கிலியம் இருக்கிறதே, அது இந்த மரக் குடும்பத்தின் பிசின்தான்.

இந்த மரம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று காட்டில் உள்ள இந்த இனத்து மரங்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து பூத்துச் சேர்ந்து காய்க்கும். அணிலும் பன்றியும் வண்டும் தின்றதுபோக மிச்சம் இருக்க வேண்டுமே, அதற்காக. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் காய்க்கும். விதை நெல்லைப்போல் இதைக் குதிரில் போட்டு வைக்க முடியாது. விழுந்த சில நாள்களில் முளைக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். முளைத்த பிறகுதான் காத்திருப்பே. பெருமரங்களின் நிழலில், பென்சில் பருமன்கூட இல்லாத கன்று முழங்கால் உயரத்தில் பல வருடம் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஒரு கிழமரம் சாய்ந்து வெயில் விழுந்தால்தான் அது நிமிரும். அப்படி நின்ற ஒரு கன்றைப் பேத்திக்குக் காட்டினேன். "இதற்கு என் வயது இருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

விதையை வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைப்பட்டாள். இங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது என்று சொன்னதும், சருகை விலக்கி, ஈரமண் படும்படி வைத்துவிட்டு வந்தாள்.

டெய்ரி ஃபார்மில் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்று இப்போது இயற்கை ஆய்வாளர் வாலஸ் பெயரில் கல்வி மையமாக இருக்கிறது. 1854-இல் இந்தக் குன்றில் தங்கி, இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்த அதே வாலஸ்தான். மரம் வெட்டிய இடங்களில் கிடந்த பட்டையும் மரத்தூளும்தான் வண்டுகளை அவரிடம் கொண்டுவந்தன. புலிக்கு வெட்டிய குழிகளில் விழுந்துவிடாமல் இருக்க அவர் பயந்து பயந்து நடந்திருக்கிறார். உன் பக்கத்தில் முண்டந்துறையில் இன்னும் புலி நடக்கிறது. அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1986-இல் முடிந்த விரைவுச்சாலை இந்தக் காட்டை நீர்ப்பிடிப்புப் பகுதிக் காட்டிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டது. 2013-இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி, மண் போட்டு, மரம் வைத்தார்கள். இப்போது எறும்பு தின்னும் அழுங்கு அதன் வழியாகக் கடந்துபோகிறது. நல்ல வேலை. ஆனால் அதற்கு இருபத்தேழு ஆண்டு ஆகியிருக்க வேண்டாம்.

நீ அணைக்கட்டுப் பக்கம் பார்த்ததாக எழுதியிருந்த கறுப்புப் பறவை, வாலில் இரண்டு கம்பியும் கம்பி நுனியில் இலை ஒட்டினாற்போலவும் இருந்ததே, அது துடுப்பு வால் கரிச்சான். கல்குவாரிக் குளத்தருகே அதையே பார்த்தோம். குரங்குக் கூட்டம் கிளையை உலுக்க, பறந்த பூச்சிகளை அது பாய்ந்து பாய்ந்து பிடித்தது. உன் மலையிலும் என் குன்றிலும் ஒரே பறவை.

திரும்பும்போது பழைய ரயில் தடத்தில் இறங்கி நடந்தோம். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள்; இரும்புப் பாலம் நிற்கிறது. உன் குடும்பம் இருந்த நிலையத்தைப் பழுது பார்த்து, பெயர்ப்பலகையோடு வைத்திருக்கிறார்கள். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் ஓட்டிச் சென்ற கடைசி ரயிலைப் பார்க்க அங்கே நின்றபோது எனக்கு உன் அப்பாவின் நினைவுதான். ஓடும் ரயிலில் இருந்து டிரைவர் நீட்டும் சாவி வளையத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வளையத்தை அவர் கைக்குத் தோதாகத் தூக்கிப் பிடிப்பாரே, ஒரு முறையாவது தவறவிட்டிருக்கிறாரா? அந்த வளையம் கைமாறாமல் ஒற்றைத் தடத்தில் ரயில் அடுத்த நிலையத்துக்குப் போக முடியாது என்பதைப் பேத்திக்குச் சொன்னேன். நடைமேடையில் நின்று கையை உயர்த்திக் காட்டினேன். அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அப்பா வளையத்தோடு நிற்கும் படம் ஒன்று உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. இன்னும் இருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. பேத்தி தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்