கோவாவுக்கு வரவில்லை என்று சொல்லத் தயங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ரூம் பசங்க எல்லாரும் கோவா போகிறார்கள், ஆளுக்கு 18,000 ஆகும், வயிற்று வலி என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டபோது என் சித்திக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, உடம்பு சரியில்லை என்றாய். அதற்கு முன்னால் சனிக்கிழமை ஷிஃப்ட். இப்படியே போனால் அடுத்த டிரிப்புக்குச் சித்தியை ஐ.சி.யூ.வில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். ஊரிலிருந்து சென்னைக்கு வந்து பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் மூன்று பேர் நான்கு பேராக ரூம் எடுத்துத் தங்கி, சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளைகள் பலருக்கு இதே வயிற்று வலி இருக்கிறது. உன் பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

உன் கணக்கு எனக்குத் தெரியும். கைக்கு வருவது 26,000. அதில் 8,000 தங்கச்சி படிப்புக் கடனுக்குப் போகிறது. வாடகை, கரண்ட், சாப்பாடு, பஸ் எல்லாம் போக மிஞ்சுவது நாலாயிரமோ ஐயாயிரமோ. கோவா என்றால் உனக்கு நாலு மாச மிச்சம். ஆனால் ரூமில் இருக்கிற மற்றவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்களும் அதே 26,000 வாங்குகிறார்கள், அதே ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டுகிறார்கள். ஒருவனுக்குக் கோயம்புத்தூரில் சொந்த வீடு, அப்பா இன்னும் வேலையில் இருக்கிறார், சம்பளம் முழுக்க அவன் கையில். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவன் நினைத்தால் அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீ சொல்லாதவரை அவனுக்கு வேறெப்படி நினைக்கத் தோன்றும்? மூன்று தடவை சாக்கு சொன்னால், நாலாவது தடவை 'இவனுக்கு நம்மளப் பிடிக்கல போல' என்றுதான் முடிவுக்கு வருவார்கள். காசு மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டான்.

நம் பக்கத்துக் கல்யாணத்தை யோசித்துப் பார். மண்டப வாசலில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் நீள நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். இப்போது மதுரைப் பக்கம் பல மண்டபங்களில் கம்ப்யூட்டர் வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். சில வீடுகளில் மைக்கில் வேறு வாசிப்பார்கள். ஒருவர் 200 எழுதுவார், அடுத்து வருகிறவர் 5,001 எழுதுவார். 200 எழுதியவர் தலையைக் குனிந்துகொண்டா பந்திக்குப் போகிறார்? ஜம்மென்று உட்கார்ந்து இரண்டாவது தடவை ரசம் கேட்கிறார். என் அப்பா, அதாவது உன் பெரியப்பா, எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்க்காமல் கிளம்ப மாட்டார். அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், நாம் இப்போது எவ்வளவு செய்யலாம் என்று அவரும் சித்தப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள். மொய்யிலும் தொல்லை உண்டு. திருப்பிச் செய்வதற்காகக் கடன் வாங்கியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் தொகையை வாய்விட்டுச் சொல்வதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. அந்த ஊரில் வளர்ந்த உனக்கு ஓ.எம்.ஆரில் 'என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு' என்று சொல்ல வாய் வரவில்லை.

எப்போது சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பில் வந்தபிறகு முகம் சுருங்கினால் அது எல்லாருக்கும் சங்கடம். வாட்ஸ்அப் குரூப்பில் 'சனிக்கிழமை எங்க போலாம்' என்று முதல் மெசேஜ் வருகிறதே, அப்போதே போட்டுவிடு: 'மச்சி, இந்த மாசம் என்கிட்ட 400தான். அதுக்குள்ள இருந்தா நான் ரெடி.' அவ்வளவு போதும். வீட்டுக் கதை, கடன் கதை எதுவும் சொல்ல வேண்டாம். கதை சொன்னால் பரிதாபப்படுவார்கள், அது உனக்கும் பிடிக்காது. தொகையைச் சொன்னால் இடத்தை மாற்றலாமா என்று பார்ப்பார்கள். பாதி நேரம் குரூப்பில் இன்னொருவனும் 'எனக்கும் அதான்டா' என்பான். செலவாளி என்று நீ நினைக்கிறவனுக்கு 20ஆம் தேதிக்கு மேல் அக்கவுண்டில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது.

இடத்தைச் சொல்கிற வேலையையும் நீயே எடுத்துக்கொள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறவனைக் கூப்பிட யாருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் 40 ரூபாய்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம். டிசம்பரில் பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, கேன்டீன் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளம் போய் மீன் வாங்கி வந்து ரூமில் குழம்பு வைத்தால், நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் ஹோட்டலில் ஒருத்தனுக்கு ஆகிற காசு ஆகாது. சினிமாவுக்குப் போ, தப்பில்லை. நம் மாநிலத்தில் டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பாப்கார்னுக்கு வைக்கவில்லை, அதனால் சாப்பிட்டுவிட்டுப் போ.

ஹோட்டல் பில்லை எல்லாரும் சமமாகப் பிரிப்பதில் உனக்கு எரிச்சல் என்றாய். நியாயம்தான். நீ லெமன் ஜூஸும் ஃப்ரைட் ரைஸும் சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிறவனின் மாக்டெயிலுக்கும் பிரானுக்கும் பங்கு கொடுக்கிறாய். உட்காரும்போதே சர்வரிடம் 'எனக்குத் தனி பில்' என்று சொல்லிவிடு. பல இடங்களில் போட்டுத் தருவார்கள். தராவிட்டால் உன் அயிட்டத்தின் விலையோடு 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கூட்டி, எவன் கார்டை நீட்டுகிறானோ அவனுக்கு அங்கேயே ஜிபே பண்ணிவிடு. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. இதைக் கேட்டு எடுக்க வைத்தால் அன்றைக்கு உன் சிக்கனத்தால் டேபிளுக்கே லாபம்.

ஆனால் இந்தக் கணக்கை டீக்கடைக்குக் கொண்டுபோகாதே. 15 ரூபாய் டீக்கு ஆப்பில் வரவு செலவு எழுதுகிறவனை எனக்கே பிடிக்காது. நேற்று அவன் கொடுத்தானா, இன்றைக்கு நீ கொடு. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் டீக்கடையில் கை மடங்கக் கூடாது. அதேபோல 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அடுத்தவன் தட்டிலிருந்து நாலு சிக்கன் பீஸ் எடுக்கிறவனாகவும் இருக்காதே. பசித்தால் ஆர்டர் பண்ணு, இல்லையென்றால் சும்மா உட்கார்ந்து பேசு. ஊரிலிருந்து சித்தி கொடுத்துவிடுகிற முறுக்கையும் அதிரசத்தையும் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் ரூம் நடுவில் வை. உன்னால் முடிகிற டிரீட் அது. அவர்கள் அதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், டப்பா காலியாகிற வேகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவர்கள் செலவைப் பற்றி நீ வாய் திறக்காதே. ஒருவன் 9,000 ரூபாய்க்கு ஷூ வாங்கி வந்தால் 'நல்லா இருக்குடா' என்று சொல்லு. 'இதுல எங்க ஊர்ல ஒரு குடும்பம் ஒரு மாசம் சாப்பிடும்' என்று ஆரம்பித்தால் அடுத்த தடவை ஷூவை ஒளித்து வைத்துவிட்டுத்தான் உன்னோடு பேசுவான். சிக்கனமாக இருக்கிறவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் வந்துவிடுகிறது.

'கிரெடிட் கார்டுல போட்டுக்கோ மச்சி, மெதுவா கட்டலாம்' என்று அவர்களில் ஒருவன் சொன்னதாகச் சொன்னாய். இந்த இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவேன். பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் பெரும்பாலான கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி. மூணு வட்டிக்கு வாங்கினான் என்றாலே நம் பக்கம் 'ஐயோ பாவம்' என்பார்கள். 18,000 ரூபாயில் குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம், அதாவது 900 கட்டுகிறாய் என்று வை. மீதி 17,100க்கு மாதம் ஏறக்குறைய 600 வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 700 வரும். கட்டிய 900ல் கடன் குறைவது 200தான். அதோடு பாக்கி இருக்கிறவரை அந்தக் கார்டில் நீ வாங்குகிற புதுச் சாமானுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். வங்கிகள் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது. கோவாவில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து வருஷம் முழுக்க அதற்குக் கட்டிக்கொண்டிருப்பாய்.

இன்னொரு தொல்லை இனிமேல்தான் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். கையில் காசு வைத்திருக்கிறவன் நீ என்று தெரிந்ததும், 25ஆம் தேதி வாக்கில் 'மச்சி, ஒரு 2,000 போடு, சம்பளம் வந்ததும் தரேன்' என்று ஆரம்பிப்பார்கள். உன்னைக் கஞ்சன் என்று கிண்டல் பண்ணினவன்தான் முதலில் வருவான். திரும்பி வராவிட்டாலும் மனசு வலிக்காத தொகை என்றால் கொடு. அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிடு. அது உண்மையாகவே இருக்கட்டும். சம்பளம் வந்த மறுநாளே போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில், அதாவது மாசாமாசம் போடுகிற சேமிப்பில், 3,000 போய்விடுகிற மாதிரி வைத்துக்கொள். இப்போது 6.7 சதவீதம், ஆரம்பிக்கிறபோது என்ன வட்டியோ அதுவே ஐந்து வருஷமும். முடிவில் சுமார் 2,14,000 வரும். மாசக் கடைசியில் கையில் எதுவும் இருக்காது, பொய் சொல்லவும் வேண்டாம்.

எதில் குறைத்தாலும் கல்யாணத்தில் குறைக்காதே. பழைய ரூம்மேட் ஒருவனுக்குத் தஞ்சாவூரில் கல்யாணம், செலவாகும், யோசிக்கிறேன் என்றாய். யோசிக்காதே, போ. எல்லாருக்கும் ஒரே கலர் குர்தா எடுக்கப் போகிறார்களாம், அதை வேண்டாம் என்று சொல்லு, இருக்கிற வேட்டி சட்டை போதும். ஏ.சி. பஸ் வேண்டாம், ராத்திரி ரயிலில் அன்ரிசர்வ்டில் போய்க்கூட இறங்கு. முகூர்த்தத்துக்கு நீ அங்கே நிற்க வேண்டும். கோவா இன்னும் பத்து வருஷம் கழித்தும் அங்கேதான் இருக்கும்.

அதனால் கோவா விஷயத்துக்கு இன்றைக்கு ராத்திரியே பதில் போட்டுவிடு. 'இந்தத் தடவை வரல மச்சி, பட்ஜெட் இல்ல. போட்டோ அனுப்புங்க.' மூன்று நாலு தடவை வற்புறுத்துவார்கள். ஒருவன் 'நான் போடுறேன், அப்புறம் கொடு' என்பான், நல்ல பையன்தான். அவனுக்கும் இதே பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்லு. காரணத்தை மாற்றிக்கொண்டே போகாதே.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிற டிக்கெட்டை மறந்துவிடாதே. ரயில் முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் பண்டிகைக்கு முந்தின ராத்திரி என்றால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதன்பிறகு ஆம்னி பஸ்காரர் வைத்ததுதான் விலை. ரூம் பசங்களில் யாராவது உசிலம்பட்டி பார்க்க வருகிறார்களா என்று முன்னாடியே கேட்டு வை, சேர்த்தே போட்டுவிடலாம்.

அன்புடன்,
அக்கா