சூரியன் வராத ஊரில் ஒரு தைப்பொங்கல்: நன்றி மடல்

ட்ரொம்சோவில் வாழும் எங்கள் அயலவர்களுக்கும், பாலர் பாடசாலை ஆசிரியர்களுக்கும், தூரத்திலிருந்து கைகொடுத்த உறவுகளுக்கும்,

வணக்கம். எங்கள் ஆறு வயது மகனும் நான்கு வயது மகளும் இவ்வாண்டுத் தைப்பொங்கலை வெளியில், விறகடுப்பில், மண்பானையில் பொங்கக் கண்டது உங்களால்தான். அன்றே ஒவ்வொருவருக்கும் நன்றி கூறினோமாயினும், அந்தக் குளிரிலும் அவசரத்திலும் சொன்னது போதாதென்று மனத்திற் பட்டதால் இம்மடலை எழுதுகிறேன்.

நோர்வேயின் வடக்கே, ஏறத்தாழ 70 பாகை அகலக்கோட்டிலுள்ள இந்நகரில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. அதன் பின்னும் மலைகள் மறைப்பதால் 21ஆம் திகதியையே ஊரவர் சூரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். சூரியனுக்குப் பொங்கும் நாளில் இங்கே சூரியன் இல்லை. சென்ற ஆண்டு சமையலறையில் பொங்கியபோது, வழிந்த பால் தீய்ந்து, புகை எச்சரிக்கை மணி அலறி, பிள்ளைகள் இருவரும் பயந்து அழுதார்கள். பொங்கல் என்றால் அவர்களுக்கு அதுவே நினைவாயிருந்தது. இம்முறை மகள் மார்கழியிலேயே கேட்டுவிட்டாள்: “அம்மா, சூரியன் இல்லையெண்டால் ஆருக்குப் பொங்குறம்?” எனக்கு விடை வரவில்லை.

அதே கேள்வியை அவள் தன் ஆசிரியையிடமும் கேட்டிருக்கிறாள். ஆசிரியை அவர்களே, “இந்த ஊரில் எல்லோருமே சூரியனுக்காகக் காத்திருப்பவர்கள்தான், சேர்ந்தே காத்திருப்போம்” என்று சொல்லி, பாடசாலை முற்றத்தில் நிற்கும் லாவ்வு என்ற, வட ஐரோப்பியப் பழங்குடியினரான சாமி (Sámi) மக்களின் கூடாரத்தையும் அதன் முன்னுள்ள அடுப்பையும் எங்களுக்குத் தந்தீர்கள். ஒவ்வாமையுள்ள குழந்தைகளுக்காகக் கஜுவைத் தவிர்க்குமாறு நீங்கள் முன்கூட்டியே நினைவூட்டியதும் பேருதவி. முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) மட்டும் போட்டோம், சுவை குறையவில்லை.

மண்பானை தந்த ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்? எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த எங்கள் மூத்தவர்களுள் ஒருவர் அவர். ஊரிலிருந்து கொண்டுவந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி இத்தனை காலம் காத்த பானையை, உடைந்துவிடுமோ என்று நாங்கள் தயங்கியபோதும், “பொங்காத பானை எதுக்குப் பிள்ளை?” என்று நீட்டினார். மகனின் கையைப் பிடித்து மூன்று பிடி அரிசி போடவைத்தவரும் அவரே.

வெண்பனியில் அரிசிமா தெரியாதென்பதால் மஞ்சள்தூளால் கோலமிட்டோம். அயல்வீட்டு அம்மையார் தந்த பேர்ச் விறகு, பட்டையில் நெருப்பு வைத்ததும் சடசடவெனப் பற்றிக்கொண்டது. நண்பகலுக்குச் சற்று முன், தெற்கு மலைகளின் மேல் வானம் செம்மஞ்சளாகக் கீறிய நேரத்தில், கிழக்கை விட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி பால் பொங்கி வழிந்தது. பனியுடை அணிந்த நோர்வேக் குழந்தைகள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள். நத்தாருக்கு அரிசிக் கஞ்சி உண்டு பழகிய அவர்களுக்குப் புக்கை (பொங்கற்சோறு) புதிதாகத் தோன்றவில்லை. இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினார்கள்.

குளிரில் கருகாதபடி கம்பளியில் பொதிந்து ஒஸ்லோவிலிருந்து வாழையிலை அனுப்பிய கடைக்காரத் தம்பிக்கும், யாழ்ப்பாணத்தில் காலையிலேயே பொங்கி முடித்துவிட்டு, அங்கே மாலை நான்கு மணி கழிந்தும் எங்கள் பானை பொங்கும்வரை தொலைபேசியில் காத்திருந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

21ஆம் திகதி அயல்வீட்டு அம்மையார் எங்கள் கதவைத் தட்டி, சூரிய நாளுக்கென இங்கே உண்ணும் சூரியப் பணிஸ் நிறைந்த பெட்டியோடு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மலையிடுக்கில் சில நிமிடமே தெரிந்த சூரியனைக் கண்டு மகள் இரு கைகளையும் கூப்பினாள். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐயா, உங்கள் பானையைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். அடியிற் பிடித்த கரி மட்டும் முழுதாகப் போகவில்லை. வரும் சனிக்கிழமை பிள்ளைகளே கொண்டுவந்து தருவார்கள்.

மிக்க நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் பெற்றோர், ட்ரொம்சோ