அது சணல் இல்லை

ஆசிரியருக்கு,

டெக்சாஸ் மாநிலத்தில் போதை தரும் ஹெம்ப் தின்பண்டங்களைத் தடை செய்யலாமா என்ற சர்ச்சை பற்றிய கட்டுரையில், ஹெம்ப் மிட்டாயை ‘சணல் மிட்டாய்’ என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் அதைப் படித்த என் அம்மா, “கோணிப்பை தைக்கிற சணல்லயா மிட்டாய் செய்யறாங்க?” என்று போனில் கேட்டார். ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். உலர்ந்த எடையில், போதை தரும் டெல்டா-9 டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அதற்கு ஹெம்ப் என்று பெயர். 2018 அமெரிக்க வேளாண் சட்டம் போட்ட கோடு அது.

வயலில் நிற்கும் செடிக்கு அந்தக் கணக்கு சரி. தின்பண்டத்துக்கு? 50 கிராம் சாக்லேட்டில் 0.3 சதவீதம் என்றால் 150 மில்லிகிராம் போதைப்பொருள். மினசோட்டா என்ற இன்னொரு அமெரிக்க மாநிலம் 2022-இல் ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 50 என்று எல்லை வைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் முப்பது வேளைக்கானது ஒரே சாக்லேட்டில் அடங்கிவிடுகிறது. டெல்டா-9 போலவே போதை தரும் டெல்டா-8 கதை தனி. அந்தப் பெயரே 2018 சட்டத்தில் கிடையாது. ஹெம்ப்பிலிருந்து எடுத்த, போதை தராத சி.பி.டி. என்ற பொருளை அமிலம் சேர்த்து டெல்டா-8 ஆக மாற்றி விற்றார்கள்.

போதை தரும் ஹெம்ப் பொருட்களின் முழுத்தடைக்கே டெக்சாஸ் சட்டமன்றம் வாக்களித்தது. ஆளுநர் கிரெக் அபட் 2025 ஜூன் 22 அன்று அதை ரத்து செய்தார். செப்டம்பர் 10-இல்தான் 21 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்ற உத்தரவு வந்தது. அதுவரை மாநில அளவில் வயது வரம்பே இல்லை! எங்கள் பக்கத்து கேஸ் ஸ்டேஷன் கவுன்டரில் சூயிங்கம்முக்கு அருகிலேயே இந்த மிட்டாய்கள் தொங்கும். என் பதினாறு வயது மகன்தான் எனக்கு அதைக் காட்டினான்.

தங்கள் கட்டுரை இதைத் தடையா, சுதந்திரமா என்ற சண்டையாகவே பார்த்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலிக்கும் தூக்கத்துக்கும் இதை நம்பியிருக்கும் முன்னாள் படைவீரர்கள் தடையை எதிர்த்தார்கள்; அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு துண்டில் எவ்வளவு, யாருக்கு விற்கலாம் என்று முதலிலேயே யாரும் வரையறுக்கவில்லை, என் கோபம் அதில்தான். பிறகு 2025 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஓராண்டு அவகாசம் கொடுத்து, ஒரு டப்பாவுக்கு டி.எச்.சி. 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. 150 எங்கே, 0.4 எங்கே? மினசோட்டா நடுவில் நின்று செய்து பார்த்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை எழுதும்போது சதவீதத்தோடு மில்லிகிராமையும் சேர்த்துப் போடுங்கள். அம்மாவுக்காகவாவது சணலை விட்டுவிடுங்கள்.

— ஒரு வாசகி,
பிளேனோ, டெக்சாஸ்