டிக் அடித்த பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பள்ளிகளில் நடக்கும் கற்றல் குறைபாடு (வாசிப்பது, எழுதுவது போன்றவற்றில் வரும் தடுமாற்றம்) ஸ்கிரீனிங் முகாம்கள், அதாவது முதற்கட்டச் சோதனை முகாம்கள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். முகாம் வேண்டும்தான். ஆனால் ஒரே நாளில், ஒரே தாளில், அதுவும் ஆங்கிலத் தாளில் முடிந்துவிடுகிற முகாமால் குழப்பமே மிஞ்சும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 400 பிள்ளைகளில் 40 பேருக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறது. குறைபாடு உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் தாள் 80 சதவீதம் சரியாகச் சொல்கிறது. 32 பேரைப் பிடிக்கும், 8 பேரைத் தவறவிடும். கூடவே எந்தக் குறைபாடும் இல்லாத 72 பேரையும் பட்டியலில் சேர்த்துவிடும். இந்த 104 பேருடைய பெற்றோரையும் அன்று மாலையே கூப்பிட்டு "உங்க பையனுக்கு டிஸ்லெக்சியா" (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிடுகிறார்கள். ஸ்கிரீனிங் வெறும் சல்லடை. குறைபாடு இருக்கிறது என்று முடிவாகச் சொல்வது அதன் வேலை இல்லை.

முதலில் பிள்ளையின் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்கு ஒரு வாரம் காது கேட்கும், மறுவாரம் மந்தமாகிவிடும்; டிக்டேஷனில் எழுத்துகள் விழுந்துபோகும். போர்டு தெரியாத பிள்ளை தப்பாகத்தான் காப்பி அடிக்கும். அடுத்து வீட்டு மொழி. தெலுங்கோ உருதோ பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையையும், ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளையையும் இரண்டு வருடமாவது பாடம் கற்காத மொழியில் சோதிப்பது அநியாயம்.

தமிழில் சோதிக்கும்போது எது பிழை என்று தெரிய வேண்டும். ல, ள, ழ குழம்புவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்படிப் பார்த்தால் சென்னையில் பாதிப் பேருக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. "கொக்கு" என்று சொன்னால் காதில் முதலில் விழுவது 'க்'; கையோ கொம்பில் தொடங்க வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்பில் இங்கே தடுமாறுவது இயல்பு. நான்காம் வகுப்பிலும் கால் விடுபட்டு "கெக்கு" என்றே வருகிறதா, "பட்டம்" "படம்" ஆகிறதா, "படகு" "பகடு" ஆகிறதா என்று குறித்துவையுங்கள்.

பாடப்புத்தகத்தை வாசிக்கவைத்து ஏமாற வேண்டாம். விரல் மூன்றாவது வரியில் நிற்கும், வாய் ஐந்தாவது வரியை ஒப்பித்துக்கொண்டிருக்கும். தமுகி, பேலடு, நொசவை என்று பொருளில்லாத பத்துச் சொற்களை எழுதிக் காட்டுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

சிக்கிய பிள்ளைக்கு ஆறு மாதம் தனிக் கவனத்தோடு எழுத்தும் ஒலியும் சொல்லிக்கொடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். சரியாகச் சொல்லித்தராததால் பின்தங்கியவர்களில் பெரும்பாலோர் இதற்குள் தேறிவிடுவார்கள். தேறாதவர்களைத்தான் உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும்.

குறைபாடு உள்ள பதின்பருவத்தினரை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்களில் பலர் பிழையில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் மெதுவாக. வினாத்தாளின் கடைசிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். ஒரே கேள்விக்கு வாயால் ஒரு பதில், எழுத்தில் ஒரு பதில் வாங்கிப் பாருங்கள், இடைவெளி தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பிலேயே இதைச் செய்யாமல், பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஸ்க்ரைபுக்கும் (சொல்லச் சொல்ல விடை எழுதித்தருபவர்) கூடுதல் நேரத்துக்கும் சான்றிதழ் கேட்டு ஓடினால் மார்ச் தேர்வுக்குள் கிடைப்பது சந்தேகமே.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவதையும் அதற்கேற்பக் கற்பிப்பதையும் ஒரே வரியில்தான் சொல்கிறது. முகாம் நடத்துவோர் தங்கள் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்க்கட்டும்: ஆறு மாதம் சொல்லித்தரப்போகிற ஆசிரியர் பெயர், மறுபரிசோதனைத் தேதி.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்,
பெரம்பூர், சென்னை