இடம் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும்: சிறுபகுதி வறுமையை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுபகுதிகளின் வறுமையை அளந்து வரிசைப்படுத்தும் புள்ளியியல் துறையினருக்கும், அந்த வரிசையை வைத்து நிதி பிரிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மாவட்டச் சராசரி ஒன்றையே நம்பியிருந்த காலத்தில், வசதியான மாவட்டத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த ஏழைக் குடியிருப்பு யார் கண்ணிலும் படவில்லை. ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் அளவுக்குப் பகுதியைச் சுருக்கி நீங்கள் அளக்கத் தொடங்கிய பிறகுதான் அது வரைபடத்தில் தெரிந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது தவறாகக் கையாளப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றே: ஒரு பகுதி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம், அங்கே எத்தனை பேர் இல்லாமையில் வாழ்கிறார்கள், அந்தக் கணக்கு எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள்.

பின்தங்கிய பகுதிகளை வரிசைப்படுத்தும் இங்கிலாந்தின் குறியீட்டுப் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். செய்முறையை ஒளிக்காமல் வெளியிடுபவர்கள் என்பதால் அவர்களை வைத்துப் பேசுவது எளிது. 2019-இல் நாட்டை 32,844 சிறுபகுதிகளாகப் பிரித்து ஏழு துறைகளில் மதிப்பெண் இட்டார்கள். வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 சதவீதம், கல்விக்கும் உடல்நலத்துக்கும் தலா 13.5, குற்றம், வீட்டுவசதியும் சேவைகளும், வாழும் சூழல் ஆகிய மூன்றுக்கும் தலா 9.3. எல்லாவற்றையும் சேர்த்தபோது 1 முதல் 32,844 வரை ஒரு வரிசை வந்தது; முதலிடம் என்றால் மிகவும் பின்தங்கிய பகுதி. 'மிகவும் பின்தங்கிய பத்து சதவீதம்' என்று ஒரு திட்டம் கோடு கிழித்தால் 3,284-ஆம் இடம் உள்ளே, 3,285-ஆம் இடம் வெளியே. இரண்டின் மதிப்பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிக மிகச் சிறியது. ஆனால் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும், மற்றப் பகுதிக் குழந்தைகளுக்குக் கிடைக்காது. இந்தக் கோட்டுக்கு நியாயம் கற்பிக்க உங்களில் யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

வரிசை என்பது முன்பின் மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. நூறாம் இடம் இருநூறாம் இடத்தைப் போல் இரு மடங்கு ஏழை என்று பொருளில்லை. நாடு முழுவதும் நிலைமை மேம்பட்டாலும் யாரோ ஒருவர் முதலிடத்தில் இருந்தே தீர வேண்டும். எசெக்ஸ் கடலோரத்தில் உள்ள ஜேவிக் என்ற ஊரின் ஒரு பகுதி 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு பட்டியல்களிலும் அந்த முதலிடத்தில் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே வாழ்க்கை சற்றேனும் உயர்ந்ததா, இன்னும் தாழ்ந்ததா? இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஊரின் பெயரோடு 'முதலிடம்' ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அங்கே வசிப்பவர்கள் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதைச் சுமக்கிறார்கள்.

இனி எனக்கு இன்னும் கவலை தரும் விஷயம். அறுநூறு வீடுகள் கொண்ட ஒரு பகுதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய நானூறு வீடுகள், எல்லாரும் நல்ல வேலையில். அந்தப் பக்கம் இருநூறு பழைய வீடுகள். சுவரில் ஈரம், ஒரே அறையில் ஐந்து பேர், நிரந்தர வருமானம் இல்லை. சராசரி எடுத்தால் இந்தப் பகுதி நடுத்தரம். எல்லையைச் சாலையின் மேலேயே வரைந்திருந்தால் பழைய வீடுகள் உள்ள பக்கம் பட்டியலின் முன்வரிசையில் வந்திருக்கும். அந்த இருநூறு வீடுகளில் எதுவும் மாறவில்லை, கோடுதான் மாறியது. அங்கிருந்து ஒருவர் உதவி கேட்டு வந்தால், 'உங்கள் பகுதி பட்டியலில் இல்லையே' என்று திருப்பி அனுப்புவது அநியாயம். பகுதியின் நிலையைக் கொண்டு வீட்டின் நிலையைத் தீர்மானிக்க இந்தக் குறியீடு உருவாக்கப்படவே இல்லை.

கிராமப்புறம் இதில் எப்போதும் அடிபடுகிறது. ஏழைகள் அங்கே ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை, வசதியானவர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறார்கள். போதாக்குறைக்கு, அளவுகோல்களும் நகரத்துக்கே பொருந்துகின்றன. பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் தந்த குறியீட்டில் நான்கு கூறுகள்: வேலையின்மை, சொந்த வீடு இல்லாமை, கார் இல்லாமை, வீட்டில் நெரிசல். பேருந்து வராத ஊரில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. வேறு செலவைக் குறைத்துக் காரை ஓட்டும் குடும்பம் இந்தக் கணக்கில் வசதியான குடும்பம் ஆகிவிடும். ஒப்பீட்டு வறுமை என்றால் தான் வாழும் சமூகத்தில் இயல்பாகக் கருதப்படும் வாழ்க்கைக்கு வழியில்லாமல் இருப்பது என்று வலியுறுத்தியவரும் அதே டவுன்சென்ட்தான். ஆகவே எது இயல்பு என்பதை ஊருக்கு ஊர் கேட்டுப் பார்ப்பது அவர் வழியில் நடப்பதே.

பிழை வரம்பைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. மாதிரி ஆய்வையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இணைத்துச் சிறுபகுதி வறுமையை மதிப்பிடும் முறையை எல்பர்ஸ், லான்ஜோ என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2003-இல் விரிவாக வெளியிட்டார்கள். மதிப்பீட்டோடு அதன் பிழையையும் கணக்கிடுவது அதன் ஒரு பகுதி. பகுதி சிறுக்கச் சிறுக்க, நாலைந்து குடும்பங்கள் குடிபெயர்ந்தாலே விகிதம் ஆடும். அதற்காகத்தான் சிறிய எண்ணிக்கைகளைச் சுற்றுவட்டாரச் சராசரியை நோக்கி நீங்களே கொஞ்சம் இழுத்துவிடுகிறீர்கள். இவ்வளவு கவனமும் தொழில்நுட்ப அறிக்கையின் பின்பக்கத்தில் தங்கிவிடுகிறது. நிதி பிரிப்பவரின் மேசைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது இடமும் நிறம் தீட்டிய வரைபடமும்தான்.

அளப்பவர்களே, அடுத்த வெளியீட்டின் முதல் அட்டவணையிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் நேரே இடம், இல்லாமையில் உள்ளோர் எண்ணிக்கை, பிழை வரம்பு மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். ஏழு துறைகளின் மதிப்பெண்களையும் தனித்தனியே பக்கத்தில் வையுங்கள்; குற்றத்தால் பின்தங்கிய பகுதிக்கும் வருமானத்தால் பின்தங்கிய பகுதிக்கும் தேவைப்படும் உதவி வேறு. நிதி பிரிப்பவர்களே, ஒரே வெட்டாகக் கோடு போடுவதை விட்டுத் தலைக்கணக்குக்கு ஏற்பப் படிப்படியாகப் பிரியுங்கள். பட்டியலுக்கு வெளியே வாழும் ஏழைக் குடும்பம் தன் நிலையைக் காட்டி நேரடியாக விண்ணப்பிக்க ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு வழி வையுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து படிக்கும் ஒரு குடிமகன்